1914-டி சென்ட்: திறந்த காசா, பெட்டியில் அடைத்ததா?

அமெரிக்க லிங்கன் சென்ட்டில் டென்வர் நாணயச் சாலையின் 1914-டி (டி என்பது அந்தச் சாலையின் குறி) வாங்கப் போகிறவர்கள், திறந்த காசை வாங்குவதா, தரம் பார்க்கும் கம்பெனி பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தரம் எழுதியதை வாங்குவதா என்று தடுமாறுகிறார்கள்.

போலி
திறந்த காசு: 1944-டி காசின் முதல் 4-ஐச் சுரண்டி 1 ஆக்குவது பழைய வித்தை. லென்ஸை லிங்கனின் தோளுக்குக் கீழே கொண்டுபோங்கள். வி.டி.பி. என்ற பொடி எழுத்துகள் (காசை வடிவமைத்தவரின் முதலெழுத்துகள்) இருந்தால் காசைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அவை அங்கே ஏறியது 1918-இல்தான். சுரண்டிய காசில் 9-க்கும் 1-க்கும் நடுவே இடைவெளியும் அகலமாக இருக்கும். ஆனால் குறி இல்லாத பிலடெல்ஃபியாவின் 1914 காசில் டி-யை ஒட்டியிருந்தால் இந்தச் சோதனை பலிக்காது.
பெட்டி: காசுக்குத் தரம் போடும் பெரிய கம்பெனிகளான பிசிஜிஎஸ், என்ஜிசி அடைத்தது என்றால் சான்று எண்ணை அவர்கள் தளத்தில் போட்டுப் பாருங்கள். படம் இருந்தால் கீறலுக்குக் கீறல் ஒப்பிடுங்கள், பெட்டியிலேயே போலி உண்டு.

தரம்
திறந்த காசு: உங்கள் கண்தான் நீதிபதி.
பெட்டி: கேள்விப்படாத கம்பெனி தேய்த்துக் கழுவிய காசுக்கும் எம்எஸ்-65 (புழங்காத காசுக்கான உயர்ந்த தரம்) போடும். அதைத் திறந்த காசாகவே மதித்து விலை பேசுங்கள்.

செலவு
திறந்த காசு மலிவு. பெட்டி விலை கூட, விற்பது சுலபம்.

பழைய சென்ட்டுகள் கையில் நிறையப் புரண்டவருக்குத் திறந்த காசு சரி. முதல்முறை வாங்குபவர் அந்த இரண்டு கம்பெனிகளின் பெட்டியோடு நிற்கட்டும்.