பீ பஃபரா, ஸ்கார்லெட் பேடிஸா? தீனியை வைத்து முடிவு செய்யுங்கள்

இரண்டும் இந்திய ஆற்று மீன்கள், இரண்டும் 3.5 செ.மீ. அளவுக்குள் அடங்கிவிடும், இரண்டுமே மற்ற மீன்களோடு கலந்து வளர்க்க ஏற்றவை அல்ல. சின்னதாக ஒரு செடித் தொட்டி வைத்து அதில் கொஞ்சம் வித்தியாசமான மீன் விட வேண்டும் என்று தேடுகிறவர்கள் பலர் கடைசியில் இந்த இரண்டில் வந்துதான் நிற்கிறார்கள். நான் இரண்டையும் வளர்த்துப் பார்த்தேன். இப்போது வீட்டில் பீ பஃபர் மட்டும்தான். காரணம் தீனி. அதை விரிவாகச் சொல்கிறேன், அதற்கு முன்னால் கடையில் எது எது என்று அடையாளம் தெரிய வேண்டும்.

பீ பஃபர் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் ஆறுகளின் மீன். 1941-ல் விலங்கியலாளர்கள் ஹோராவும் நாயரும் பம்பை ஆற்றில் கிடைத்ததை வைத்து இதற்குப் பெயர் சூட்டினார்கள், கரினோடெட்ராடோன் டிராவன்கோரிகஸ். மஞ்சளும் பச்சையும் கலந்த உடம்பு, பக்கவாட்டில் ஒழுங்கில்லாத கரும்பட்டைகள், தனித்தனியாக உருளும் கண்கள். வளர்ந்த ஆணுக்கு வயிற்றின் நடுவே ஒரு கருங்கோடு ஓடும், கண்ணுக்குப் பின்னால் சுருக்கம் மாதிரி வரிகள் மின்னும். குட்டியில் ஆண் பெண் பிரிக்க முடியாது. கவனிக்க வேண்டியது, இதே அளவில் பச்சைப் பஃபர் குட்டியும் கடைக்கு வரும். அதன் முதுகு பளிச்சென்ற பச்சை, வயிறு சுத்த வெள்ளை, மேல்பக்கம் மட்டும் வட்ட வட்டமான புள்ளிகள். அது 15 செ.மீ. வரை வளரும், கழிமுகத்து மீன் என்பதால் பெரிதாக ஆக உப்புத்தண்ணீர் கேட்கும். "பஃபர்தானே, கொஞ்சம் கல்லுப்பு போடுங்க" என்று யாராவது சொன்னால் அது பச்சைப் பஃபருக்கான அறிவுரை. பீ பஃபருக்கு முழுக்க முழுக்க நல்ல தண்ணீர்தான்.

ஸ்கார்லெட் பேடிஸ், அதாவது டாரியோ டாரியோ, பிரம்மபுத்திராப் படுகையின் மீன். ஆண் 2 செ.மீ. இருக்கும், ஆரஞ்சுச் சிவப்பில் ஏழு செங்குத்துக் கோடுகள், துடுப்பின் ஓரத்தில் நீலவெள்ளைக் கீற்று. அழகு என்று மட்டும் பார்த்தால் பீ பஃபர் பக்கத்தில் நிற்க முடியாது. பெண் சாம்பல் நிறத்தில் இன்னும் சிறியதாக இருக்கும். நிறம் உள்ளதுதான் விலைபோகும் என்பதால் கடைக்கு வருவது பெரும்பாலும் ஆண்களே. சின்னத் தொட்டியில் இரண்டு ஆண்களை விட்டால் ஒன்று மூலையிலேயே கிடக்கும்.

தொட்டி விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஸ்பாஞ்ச் பில்டர், ஜாவா பாசி, நிறையச் செடி, வாரா வாரம் தண்ணீர் மாற்றம். ஒரு பேடிஸுக்கு 20 லிட்டர் போதும். பஃபரைக் கூட்டமாக வைப்பதென்றால் ஆறுக்கு 60 லிட்டருக்குக் குறையக் கூடாது, ஒன்றையொன்று பார்க்காதபடி செடி அடர்த்தியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வால் கடிபடும். வெப்பம் இன்னொரு விஷயம். சித்திரை வெயிலில் சென்னையில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும்; பேடிஸ் 25 டிகிரிக்குக் கீழேதான் தெளிவாக இருக்கும், அதனால் மேலே ஃபேன் வைத்தே ஆக வேண்டும்.

இப்போது தீனி. இரண்டுமே உலர் தீனியைத் திரும்பிப் பார்க்காது, அதுவரை ஒன்றுதான். ஆனால் பீ பஃபர் உறைய வைத்த ரத்தப்புழுவுக்குப் பழகிவிடும். முதல் சில நாள் இடுக்கியில் பிடித்து மெல்ல ஆட்டிக் காட்ட வேண்டும், அப்புறம் இடுக்கியைப் பார்த்தாலே ஓடி வரும். கூடவே நத்தை. ஒரு பழைய பாட்டிலில் ராம்ஸ்ஹார்ன் நத்தையை விட்டு, வேகவைத்த கீரைத்தண்டை அவ்வப்போது போட்டால் அது தானாகப் பெருகிக்கொண்டே இருக்கும். செலவே கிடையாது. மற்றவர்கள் தொல்லை என்று தூக்கி எறிகிற நத்தையைக்கூடக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பஃபர் நத்தைக்கு முன்னால் அசையாமல் நின்று, ஒரு கண்ணை மட்டும் உருட்டிப் பார்த்து, நத்தை தலையை நீட்டும் நொடியில் பாயும். அதைப் பார்க்க எனக்கு இன்னும் சலிக்கவில்லை. மலேசியன் டிரம்பெட் நத்தையை மட்டும் கொடுக்காதீர்கள், ஓடு ரொம்பக் கெட்டி, பல்லுக்கு ஆபத்து.

பேடிஸ் அப்படி இல்லை. அதன் வாய் சிறியது, அசைகிற இரையைத்தான் இரையாகவே நினைக்கும். உறைந்த தீனி விழும்போது ஒருமுறை பார்க்கும், அடியில் போய்ப் படிந்ததும் விட்டுவிடும். ஆகவே மாய்னாவோ (கண்ணுக்குத் தெரியும் அளவே உள்ள நீர்ப்பூச்சி) ஆர்ட்டீமியா குஞ்சோ (உப்புநீரில் வாழும் சின்ன இறால் வகை) எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். மாய்னா வாளி ஒரு வாரம் கொழிக்கும், மறுவாரம் வெயில் ஏறினாலோ அதற்குத் தீனியாகப் போடும் ஈஸ்ட் கூடிப்போனாலோ ஒரே இரவில் செத்து நாறும். அதனால் ஒரு வாளி போதாது, இரண்டு மூன்று வேண்டும். ஆர்ட்டீமியா முட்டையை உப்புத்தண்ணீரில் காற்று விட்டால் ஒரு நாளில் பொரியும், ஆனால் டப்பா விலை அதிகம், பொரித்ததை அன்றன்றே கொடுத்தால்தான் சத்து. கொசுப்புழு இலவசம்தான், மழைக்காலத்தில் மாடியில் தண்ணீர் தேக்கி வைத்தால் டெங்கு ஆய்வுக்கு வருகிறவர்கள் கவிழ்த்துவிட்டுப் போவார்கள், அதில் தப்பும் இல்லை. இவ்வளவும் ஒரு 2 செ.மீ. மீனுக்கு. ஊருக்குப் போனால் பஃபரைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டில் ரத்தப்புழுக் கட்டியைக் கொடுத்துவிட்டுப் போகலாம். மாய்னா வாளியை யாரிடம் ஒப்படைப்பது?

குஞ்சு பொரிக்கும் விஷயத்தில் எனக்கு அனுபவம் குறைவு. பஃபர் பாசிக்குள் முட்டையிட்டு, குஞ்சு வளர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். பேடிஸ் பெண் என் கைக்கு வந்ததே இல்லை, அதனால் அதை ஒப்பிட எனக்குத் தகுதி இல்லை.

பஃபர் பக்கமும் ஒரு மனக்குறை உண்டு. காட்டில் அதன் எண்ணிக்கை குறைந்துவருகிறது, ஐயுசிஎன் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் பட்டியலில் அது அழிவாய்ப்புள்ள இனம், கடைக்கு வருவதில் பெரும்பகுதி இன்னும் ஆற்றில் பிடித்ததே. தொட்டியில் பிறந்தது கிடைக்குமா என்று கேளுங்கள், கொஞ்சம் விலை கூடினாலும் அதையே வாங்குங்கள். ஆற்று மீனுக்குக் குடல்புழுவும் அதிகம்.

நீங்கள் ஊட்டி, கொடைக்கானல் மாதிரி குளிர்ந்த இடத்தில் இருந்து, ஏற்கெனவே மாய்னா வளர்த்துக் கை பழகியவர் என்றால் பேடிஸையே எடுங்கள், அந்தச் சிவப்புக்கு ஈடில்லை. மற்றவர்களுக்கு பீ பஃபர்தான். எதை வாங்கினாலும் பணம் கொடுப்பதற்கு முன்னால் கடையிலேயே தீனி போடச் சொல்லிப் பாருங்கள். தீனியைத் தேடி வராத மீனையும், வயிறு உள்ளே ஒட்டிப்போன மீனையும் வாங்க வேண்டாம். வலைக்குப் பதில் டம்ளரில் தண்ணீரோடு அள்ளித் தரச் சொல்லுங்கள், வெளியே எடுத்தால் பஃபர் காற்றை விழுங்கி உப்பிக்கொள்ளும், அதை வெளியேற்ற அது படும் பாடு சாதாரணம் இல்லை.