ஆபரேஷன் வார்டில் பாட்டு: கிருஷ்ணகிரியில் ஒரு சேவை எப்படி?

கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் மருத்துவமனை, ஆபரேஷன் செய்துகொள்பவர்களுக்கு ‘இசை சிகிச்சை’ தருகிறது. பெயர் கொஞ்சம் பெரிசுதான். பயிற்சி பெற்றவர் நோயாளியோடு உட்கார்ந்து செய்தால்தான் அது சிகிச்சை. இங்கே நர்ஸ் பிளேயரையும் ஹெட்போனையும் கொடுத்துவிட்டுப் போகிறார். ஆனாலும் பலன் உண்டு. 2015-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு 73 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. பாட்டு கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்தன, வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. டிஸ்சார்ஜ் மட்டும் சீக்கிரம் ஆகவில்லை. ஆகவே “ரெண்டு நாள் முன்னாடியே வீட்டுக்குப் போயிடலாம்” என்று கவுன்ட்டரில் சொன்னால் நம்பாதீர்கள்.

இங்கே மெச்ச வேண்டியது பாட்டுப் பட்டியல். அட்மிஷன் அன்றே கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். தமிழோடு தெலுங்கு, கன்னடம், உருதுப் பாட்டுகளும் இருக்கின்றன. இந்த ஊருக்கு அது அவசியம். நிமிஷத்துக்கு 60 முதல் 80 தாளத் தட்டு ஓடும் மெதுவான பாட்டுகளே அதிகம். புல்லாங்குழலில் தாலாட்டு ராகமான நீலாம்பரி இருக்கிறது. தெருக்கூத்துப் பாட்டு கேட்டவருக்கு “தையல் பிரிச்ச பிறகு தர்றோம்யா” என்றார்கள். நியாயம்தான்: மிருதங்கம் வேகம் பிடித்தால் உடம்பு சும்மா இருக்காது, வயிற்றுத் தையல் இழுக்கும்.

ஆபரேஷன் தியேட்டருக்குப் போகுமுன் 20 நிமிஷம், நன்றாக நினைவு திரும்பிய பிறகு காலை, மாலை அரை மணி நேரம். ஒரு காதில் மட்டும் மாட்டுகிறார்கள். மானிட்டர் அலாரமும் நர்ஸ் கூப்பிடுவதும் கேட்க வேண்டுமே. பக்கத்துக் கட்டில் பேச்சு காதில் விழுகிற அளவுக்குத்தான் சத்தம். பாட்டுக்கு முன்னும் பின்னும் வலிக்கு 0 முதல் 10 வரை மார்க் கேட்டு எழுதுகிறார்கள். ஆனால் பாட்டு ஓடுகிறதே என்று வலி ஊசியைத் தள்ளிப்போட விடாதீர்கள். காது ஆபரேஷன் ஆனவர்களுக்கும், மயக்கம் தெளியாமல் குழம்பிப் பேசும் பெரியவர்களுக்கும் ஹெட்போன் வேண்டாம்.

பெரிய குறை, ஹெட்போனின் பஞ்சு உறை. ஸ்பிரிட்டால் துடைத்தாலும் பஞ்சுக்குள் போன வியர்வையும் அழுக்கும் போகாது. அதையே அடுத்தவர் காதில் வைக்கிறார்கள். வழவழப்பான ரெக்சின் உறை போட்டால் துடைக்கலாம். சாயங்காலம் பிளேயரில் சார்ஜ் இருப்பதில்லை. சில சமயம் நர்ஸ் தன் போனிலேயே யூடியூப் போட்டுவிடுகிறார். கண் அசரும் நேரத்தில் விளம்பரம் அலறுகிறது.

வயர் உள்ள சொந்த இயர்போனையும், பாட்டை டவுன்லோடு செய்த போனையும் கையோடு கொண்டுபோங்கள். போன் ஏரோப்ளேன் மோடில் இருக்கட்டும், இல்லாவிட்டால் நலம் விசாரிக்கும் சொந்தக்காரர்கள் பாட்டை முடிக்க விடமாட்டார்கள்.