மச்சானுக்கு ஒரு பதில்: ஹைபிரிட் காருடன் 9 வருடம்

2025இல் பற்றரி வேலை முடிந்து கார் வீட்டுக்கு வந்த அன்றைக்கே கல்முனையிலிருந்து மச்சான் போன் எடுத்தான். "வாகன இறக்குமதியத் திறந்துட்டாங்கதானே, பழைய கார்ட விலை கொஞ்சம் இறங்கியிருக்கு. உன்ட மாதிரி ஒரு ஹைபிரிட் எடுக்கட்டா?" போனில் பாதிதான் சொன்னேன். மீதி இது.

பெற்றோல் எஞ்சினும் பற்றரி மோட்டரும் சேர்ந்து ஓட்டுகிற கார் இது. 2010இல் செய்ததை 2016இல் எடுத்தேன். பெற்றோல் செலவில் குறையே சொல்ல முடியாது. 2022இல் இலங்கையில் எரிபொருள் தட்டுப்பாட்டால் கியூஆர் பங்கீடு வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்றபோது, அதற்குள்ளேயே களுவாஞ்சிக்குடிக்கு வேலைக்குப் போய் வந்து, ஞாயிறு அம்மாவை வாழைச்சேனைக்கும் கூட்டிப் போனேன். இரவில் மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தில் வாகனங்கள் தேங்கி நிற்கும்போது எஞ்சின் தானாக அடங்கிவிடும். கண்ணாடியை இறக்கினால் கீழே வாவியில் தோணி போகிற சத்தம் கேட்கும். இதற்காகவே அந்தக் காரை எனக்குப் பிடிக்கும்.

எரிச்சல் எதில் என்றால், இந்தக் காரில் என் கைக்கு வேலையே இல்லை. அப்பாவின் மொரிஸ் மைனரில் ஞாயிறு காலையில் காபரேட்டரின் மேல்மூடியைக் கழற்றி எண்ணெய் விடுவது என் பொறுப்பு. இதில் பொனற்றைத் திறந்தால் செம்மஞ்சள் வயர்கள். 200 வோல்ட்டுக்கு மேலே ஓடுகிற இடம், தொடக்கூடாது. எனக்கென்று மிஞ்சியது பின் சீற்றுக்குப் பக்கத்தில் பற்றரிக்குக் காற்றுப் போகிற உள்ளங்கையளவு சல்லடை மட்டும். கல்லடி மணலும் தூசியும் அதை அடைத்துவிடும், பற்றரி சூடாகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பல் துலக்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்தேன். 9 வருடமாக அது ஒன்றுதான் என் வேலை.

அப்படியும் டாஷ்போர்டில் எச்சரிக்கைச் சிவப்பு முக்கோணம் எரிந்தது. முதலில் கொண்டுபோன கராஜில் பற்றரிப் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் முழுதாக மாற்றச் சொன்னார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

மறுகா ஆரையம்பதியில் ஒரு தம்பியிடம் போனேன். இருபது வயதுதான் இருக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே காரின் கணினியைப் படிக்கிற, தீப்பெட்டி அளவிலான ஒரு கருவியைச் செருகி, போனைத் திறந்தான். திரையில் பதினான்கு கோடுகள். பற்றரிக்குள் இருக்கிற மொடியூல் என்ற சின்னப் பெட்டிகளில் இரண்டுக்கு ஒரு கோடு. "அண்ணன், இப்ப கொஞ்சம் அமத்துங்க." காத்தான்குடிப் பக்கம் நேர் றோட்டில் அக்சிலேற்றரை அமத்தினேன். பதின்மூன்று கோடுகள் கொஞ்சமாக அசைந்தன. ஒன்று மட்டும் விழுந்தது. அவன் போனைப் பார்க்கவில்லை, தலையைச் சாய்த்து பின்னால் ஓடும் பற்றரி விசிறியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். அப்பா எஞ்சினின் டப்பெற் சத்தம் கேட்கும்போது இப்படித்தான் தலையைச் சாய்ப்பார்.

திரும்பி வந்து பற்றரியின் பாதுகாப்புப் பிளக்கை இழுத்துவிட்டு, பத்து நிமிடம் எதையும் தொடவிடவில்லை. அப்புறம் 28 மொடியூலையும் வெளியே எடுத்து, ஒவ்வொன்றாய் அளந்து, சோர்ந்த இரண்டை மாற்றினான். அவற்றை இணைக்கிற செப்புத் தகடுகளில் கடற்காற்றுப் பட்டுப் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. கழற்றிய தகடுகளில் கரண்ட் இல்லை என்று சொல்லி, என் கையில் உப்புத்தாளைத் தந்தான். பின்னேரம் முழுக்கப் பாயில் இருந்து தேய்த்தேன். 9 வருடத்தில் அன்றைக்குத்தான் அது என்னுடைய கார் என்று பட்டது.

கார்ப் பைத்தியம் இந்தத் தலைமுறையோடு முடிந்துவிடும் என்று சொல்பவர்கள் அந்தத் தம்பியைப் பார்க்க வேண்டும். என் பயம் வேறு. சில புதிய கார்களில் ஒரு பாகத்தை மாற்றினால், கம்பெனியின் சொந்தக் கருவியால் பதிந்தால்தான் கார் அதை ஏற்றுக்கொள்ளும். போனும் கையுமாக நிற்கிற பிள்ளைகளை அந்தப் பூட்டு வாசலிலேயே நிறுத்திவிடும். மின்சாரக் கார் வரட்டும், நல்லது. அதைத் திறந்து பார்க்க விட வேண்டும்.

சரி மச்சான், முடிவு: வாங்காதே. இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறேன் என்று நினைக்காதே. ஒரே வயது மொடியூல்கள், இரண்டு போனால் மற்றவையும் வரிசையில் நிற்கும். நீயோ ஞாயிறு காலையில் பொனற்றைத் திறக்காவிட்டால் சாப்பிடாத ஆள். உன் பழைய நிசான் சன்னி காரையே வைத்திரு. வருகிற ஞாயிறு கல்லடிக்குக் கொண்டு வா, எஞ்சின் டைமிங் பார்த்துத் தருகிறேன்.