புகைப்பான் அணைந்துதான் இருந்தது

முதலில் என் உதவியாளனைத்தான் திட்டினேன். பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து பதினெட்டுத் தேன்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு அருமனைக்கு வந்துகொண்டிருந்தோம். பெட்டிகளை இரவில்தான் இடம் மாற்றுவோம். பொழுது சாய்ந்து ஈக்கள் எல்லாம் கூட்டுக்குள் அடைந்த பிறகு வாசலை வலையால் மூடிவிட்டுக் கிளம்ப வேண்டும். குலசேகரத்தை நெருங்கும்போது வண்டிக்குள் கருகல் வாடை. ஈக்களை அடக்கப் புகை காட்டும் புகைப்பானுக்குள் போட்ட தேங்காய்க் கதம்பையை அவன் சரியாக அணைக்கவில்லை என்று நினைத்து இரண்டு வார்த்தை அதிகமாகவே சொல்லிவிட்டேன். அவன் பதில் பேசாமல் புகைப்பானை எடுத்து என் மூக்கருகே நீட்டினான். அது குளிர்ந்து கிடந்தது.

இறங்கிப் பார்த்தால் வலது பின்சக்கரத்திலிருந்து மெல்லிய புகை. விரலை நனைத்து பிரேக் டிரம்மின் மேல் நீரைச் சுண்டினேன். காய்ந்த தோசைக்கல்லில் விழுந்ததுபோல் சுரீரென்றது. இடது பக்கமும் சூடுதான், ஆனால் இந்த அளவுக்கு இல்லை. முன்சக்கரங்களில் கையை நீட்டி அனல் பார்க்க முடிந்தது. உதவியாளன் பாட்டிலோடு தண்ணீரை ஊற்றப் போனான். கையைப் பிடித்துத் தடுத்தேன். பழுக்கக் காய்ந்த வார்ப்பிரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விட்டுவிடும். பிரேக்கைப் பற்றி அன்று எனக்குத் தெரிந்திருந்தது அது ஒன்றுதான். முக்கால் மணி நேரம் சாலையோரத்தில் நின்றோம். உள்ளே பதினெட்டுப் பெட்டிகளும் இரைந்துகொண்டிருந்தன. பிறகு வண்டி ஒன்றும் நடவாததுபோல் கிளம்பியது.

அந்தக் கோளாறைக் கண்டுபிடித்துக் கொடுத்த பட்டறையைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதற்கு முன் ஏமாந்த கதை கொஞ்சம்.

வண்டி 2013 மாடல் மாருதி ஆம்னி வேன். தயாரிப்பு 2019-இல் நின்றுவிட்டது. ஆனாலும் பெட்டி ஏற்றி இறக்க அந்தத் தள்ளு கதவைவிடத் தோதானது எனக்குக் கிடைக்கவில்லை. குளச்சல் பக்கத்தில் ஒருவரிடமிருந்து தரகர் மூலம் வாங்கினேன். உள்ளே புதுத் தரைவிரிப்பு, புது சீட் உறை. இரண்டு மழைக்குப் பிறகுதான் விரிப்பின் அடியிலிருந்து மீன் வாடை எழுந்தது. வருடக்கணக்கில் ஐஸ் பெட்டியில் மீன் ஏற்றிய வண்டி அது. உருகிய உப்புத் தண்ணீர் தரை வழியாகக் கீழே சொட்டிச் சொட்டி அடிப்பாகத்தைத் தின்றிருக்கிறது. வாங்கும்போது நான் என்ஜினைக் கேட்டுப் பார்த்தேன், டயரைப் பார்த்தேன், ஆவணத்தைப் பார்த்தேன். குனிந்து அடியில் பார்க்கவில்லை. தேன் வாங்க வருகிறவர்களிடம் அடியில் படிந்திருப்பதைப் பார்த்து வாங்குங்கள் என்று சொல்கிற ஆள் நான்.

புகை வந்த மறுநாள் வீட்டருகே ஒரு பட்டறைக்குப் போனேன். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு "ஷூ தேய்ந்துவிட்டது" என்றார்கள். டிரம்மை உள்ளிருந்து அழுத்திச் சக்கரத்தை நிறுத்துவது அந்த ஷூதான். நான்கு பிரேக் ஷூவையும் மாற்றினார்கள், டிரம்மைக் கடைசல் பிடித்தார்கள். பத்து நாளில் மறுபடியும் அதே வாடை. இரண்டாவது பட்டறையில், ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி வைக்கும் அட்ஜஸ்டரை நன்றாகத் தளர்த்தி விட்டார்கள். சூடு கொஞ்சம் குறைந்தது. ஆனால் பிரேக் பெடல் பாதித் தூரம் இறங்கிய பிறகுதான் வண்டி நிற்க யோசித்தது. காய்ச்சல்காரனுக்குச் சட்டையைக் கழற்றிவிட்டதுபோன்ற வைத்தியம். இரண்டு இடத்திலும் சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம் போயிற்று.

மூன்றாவது இடத்தை ஒரு லாரி டிரைவர் சொன்னார். புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குப் பக்கத்துச் சந்து. பெயர்ப்பலகை 2017 ஒக்கிப் புயலில் பறந்தது, பிறகு வைக்கவில்லை. ஓட்டுக் கூரை, இரண்டு வண்டி நிற்கிற இடம், வாசலில் ஒரு பழைய பஸ் சீட். நடத்துகிறவருக்கு அறுபது வயதிருக்கும். எல்லோரும் அண்ணன் என்கிறார்கள். கூடவே அவருடைய மகள். பாலிடெக்னிக் முடித்தவள். எழுதுவது, அளப்பது, கணக்குப் பார்ப்பது அவள் பொறுப்பு. பாதி நேரம் வண்டிக்கு அடியில் கிடப்பவளும் அவளே.

நான் போய்ச் சேர்ந்தபோது முன்னால் ஒரு ஆட்டோவும் ஒரு ஜீப்பும் நின்றன. இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். அந்தப் பஸ் சீட்டில் அதற்குமேல் உட்கார முடியாது, ஸ்பிரிங் குத்துகிறது. கோட்டைக்குள் போய் டிலனாயின் கல்லறையைப் பார்த்துவிட்டு வந்தேன். 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக் கம்பெனிப் படைத்தலைவர், பிடித்த திருவிதாங்கூர் மன்னருக்கே படையைப் பழக்கிக் கொடுத்து 1777-இல் இங்கேயே இறந்தார். குளச்சலிலிருந்து வந்து இந்தக் கோட்டைப் பக்கம் மாட்டிக்கொண்டது என் ஆம்னி மட்டுமல்ல என்று ஒரு ஆறுதல்.

அண்ணன் வந்தார். ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை. டிரம்மின் மேல் புறங்கையை நெருக்கிப் பார்த்துவிட்டு, "இது ஆறிவிட்டது. ஆறின வண்டியிடம் கேட்டால் பொய்தான் சொல்லும். நாளைக்குச் சுமையோடு வாருங்கள் தம்பி" என்றார். முதல் இரண்டு பட்டறைகளும் ஏன் தவறின என்பது அந்த ஒரு வாக்கியத்தில் எனக்குப் புரிந்தது. அவர்கள் எப்போதுமே ஆறிப்போன வண்டியைத்தான் பார்த்தார்கள். இருந்தாலும் ஒரு நாள் வீணானதில் எரிச்சல் வரத்தான் செய்தது. இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அங்கே தொலைபேசியை யாரும் எடுப்பதில்லை.

மறுநாள் காலிப் பெட்டிகளையும் நான்கு மூட்டை மணலையும் ஏற்றிக்கொண்டு போனேன். மகள் கையில் ஒரு அகச்சிவப்பு வெப்பமானி. கிளம்பும் முன் நான்கு சக்கரத்திலும் அளந்து, சுவரில் சாக்பீஸால் எழுதினாள். அண்ணன் ஓட்டினார். வில்லுக்குறி வரை போய்த் திரும்பிக் குமாரகோவில் சாலையில் நுழைந்து, வேளிமலை அடிவாரத்தைத் தொட்டு வந்தோம். வழியில் ஒரு காரியம் செய்தார். சமதளத்தில் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, பிரேக்கைத் தொடாமல் வண்டியை அதன் போக்கில் விட்டார். யாரோ பின்னால் இருந்து சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல் வண்டி தயங்கித் தயங்கி நின்றது. இத்தனை மாதம் ஓட்டியும் எனக்கு இது உறைக்கவில்லை. மைலேஜ் குறைந்ததற்குப் பெட்ரோல் பங்கைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பட்டறைக்குத் திரும்பியதும் மீண்டும் அளந்தாள். முன்சக்கரங்கள் 78, 74 டிகிரி. பின் இடது 121. பின் வலது 168. பளபளக்கும் உலோகத்தில் அந்தக் கருவி குறைத்துக் காட்டும் என்பதால் டிரம்மில் துருப்பிடித்து மங்கிய இடமாகப் பார்த்துப் பிடித்தாள். "முன்னால்தான் மாமா அதிகம் சுட வேண்டும். பிரேக் பிடித்தால் பாரம் முன்னால் சாயும், முன் பிரேக்தான் பெரும்பாலான வேலையைச் செய்யும். இங்கே தலைகீழாக இருக்கிறது" என்றாள். ஒரு சக்கரம் மட்டும் சுட்டால் அந்தச் சக்கரத்திலேயே தேடலாம்: சிலிண்டர் இறுகியிருக்கும், ஸ்பிரிங் செத்திருக்கும், பேரிங் போயிருக்கும். இரண்டும் சுட்டால் இரண்டுக்கும் பொதுவான இடத்தில் முதலில் தேட வேண்டும். இரண்டும் சுட்டு, அதில் ஒன்று கூடுதலாகச் சுட்டால்? "அப்போது இரண்டு திருடர்கள்" என்றார் அண்ணன்.

சூடு ஆறுவதற்குள் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினார்கள். கையால் சுற்றினால் இரண்டு சக்கரமும் சண்டித்தனம் செய்தன. ஹேண்ட் பிரேக் கேபிளை முதலில் கழற்றிவிட்டார். இடது சக்கரத்தில் மாற்றமே இல்லை. வலது கொஞ்சம் இளகியது, முழுதாக அல்ல. ஒரு திருடன் கிடைத்துவிட்டான். கேபிளின் உள்கம்பி உப்பில் துருவேறி உறைக்குள் சிக்கிக்கொண்டிருந்தது. லிவரை இறக்கினாலும் வலது பக்கத்து ஷூ முழுதாகத் திரும்பி வராது.

அடுத்து நடந்ததுதான் நான் நின்று பார்த்தது. ஆம்னியில் பின் ஆக்சில் ஒரே தண்டு. உடலிலிருந்து ஆக்சிலுக்கு ஒரு ரப்பர் ஹோஸ் இறங்கி, அங்கிருந்து இரண்டு சக்கரத்துக்கும் குழாய் பிரிகிறது. அண்ணன் ஹோஸுக்கு மேலே, இரும்புக் குழாய் சேரும் இடத்தை லேசாகத் தளர்த்தினார். மேலே, பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருந்தால் இங்கே திறந்ததும் சக்கரம் விட்டுவிட வேண்டும். விடவில்லை. அதை இறுக்கிவிட்டு இடது சக்கரத்தில் ஆயிலை வெளியே விடும் நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்தார். பிரேக் ஆயில் சர்ரென்று ஒரு முழம் பீச்சியது. இடது சக்கரம் அதே நொடியில் விட்டது; கேபிள் ஏற்கெனவே கழன்றிருந்ததால் வலதும் சுற்றியது. ஆக, மேலே திறந்தால் விடாது, கீழே திறந்தால் விடும். நடுவில் இருப்பது ஹோஸ் மட்டும்.

கழற்றிய ஹோஸை ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்துக் காட்டினார். வெளியே ஒரு கீறல் இல்லை. உள்ளே ரப்பர் உப்பி, துவாரம் குண்டூசி அளவுக்குச் சுருங்கியிருந்தது. மிதிக்கும்போது காலின் பலத்தில் ஆயில் போய்விடும். காலை எடுத்த பிறகு திரும்பி வரச் சுருள்வில்லின் பலம் போதாது. ஷூ டிரம்மை உரசிக்கொண்டே ஓடும், சூடேறும், சூட்டில் ரப்பர் இன்னும் உப்பும். அரை மணி நேரம் நிறுத்தினால் மெல்லக் கசிந்து விட்டுவிடும். குலசேகரத்துச் சாலையோரத்தில் நடந்தது அதுதான். அறுத்த துண்டை வாங்கி வந்து வீட்டில் வைத்திருக்கிறேன்.

ஆயிலையும் காட்டினார். கட்டன்சாயா நிறம். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். அது காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். குடித்த பிறகு அதற்கான வரம்பு 140தான். என் வலது டிரம்மோ 168-இல் இருந்தது. அந்தச் சூடு சிலிண்டருக்குள் இறங்கி ஆயில் கொதித்துக் குமிழி கட்டினால், மிதி பஞ்சு மூட்டையில் கால் வைத்ததுபோல் இறங்கிவிடும். பதினெட்டுப் பெட்டியோடு பேச்சிப்பாறை இறக்கத்தில் அது நடந்திருக்கலாம் என்று அவர் சொல்லவில்லை. நானே கணக்குப் போட்டுக்கொண்டேன்.

மாற்றியவை: ஹோஸ், ஹேண்ட் பிரேக் கேபிள், இரண்டு வீல் சிலிண்டர்களின் ரப்பர், முழு ஆயில். ஷூ கண்ணாடிபோல் மினுங்கிப்போயிருந்தது. புதிதாக வாங்கலாமா என்று கேட்டேன். "சமீபத்தில் மாற்றிய லைனர், இன்னும் கனம் இருக்கிறது" என்று உப்புத்தாளால் தேய்த்து மேல்தோலை எடுத்துவிட்டு அதையே மாட்டினார். டிரம்முக்குள் இருந்த தூசியைக் காற்றால் ஊத மாட்டார்; ஈரத்துணியால்தான் துடைக்கிறார். பழைய லைனர்களில் கல்நார் இருக்கும், நெஞ்சுக்கு ஆகாது. முதல் பட்டறையில் என் முகத்துக்கு நேரே ஊதினார்கள்.

பணம்: கண்டுபிடிப்பதற்கு 500, வேலைக்கு 1,400, பொருளுக்கு 1,730. அந்த ஐந்நூறைத் தனியாக வாங்குவது சிலருக்குப் பிடிப்பதில்லை. அங்கேயே ஒருவர் "பார்ப்பதற்கெல்லாமா காசு?" என்று சண்டை போட்டுவிட்டுப் போனார். பார்க்கத் தெரியாதவர்களிடம் நாலாயிரம் கொடுத்துவிட்டு வந்த எனக்கு அது மலிவாகத்தான் தெரிந்தது.

குறைகளும் இருக்கின்றன. ஒரு நாள் என்றார். கேபிள் நாகர்கோவிலிலிருந்து வரத் தாமதமாகி மூன்று நாள் ஆனது. தேன் எடுக்கும் பருவத்தில் மூன்று நாள் என்பது எனக்குச் சின்ன விஷயமில்லை. பில் என்று எதுவும் கிடையாது. நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதித் தருகிறார்கள். வண்டியை எடுத்த மறுநாள் பெடல் சற்று மெத்தென்று இருந்தது. குழாயில் காற்று மீதி நின்றிருக்கிறது. திரும்பப் போனேன். மகள் தகப்பனைப் பார்த்த பார்வையிலிருந்து அது யார் செய்த வேலை என்று தெரிந்தது. காசு வாங்காமல் இருபது நிமிடத்தில் காற்றை எடுத்துக் கொடுத்தார்கள். முதலில் வண்டியைக் கொடுக்கும் முன்பே அவர்கள் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். வாசலில் படுத்திருக்கும் நாய் குரைக்க மட்டும் செய்யும். எனக்குத் தேன் வாடை அடிப்பதால் காலை நக்கியது.

நான்கு மாதம் ஆகிறது. அடுத்த சுற்றுப் பெட்டிகளை அதே பாதையில் இறக்கினேன். அருமனையில் நிறுத்தியதும், நானும் வாங்கி வைத்துக்கொண்ட ஒரு வெப்பமானியால் அளந்தேன். முன்சக்கரங்கள் 82, 80. பின்னால் 57, 59. உதவியாளனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் எண்ணைப் பார்க்கவில்லை. புகைப்பானைக் கையில் எடுத்து, ஒருமுறை முகர்ந்துவிட்டு, மறுபடியும் என் மூக்கருகே நீட்டினான்.

போகிறவர்களுக்கு: ஞாயிறு விடுமுறை. காலை எட்டரைக்குள் போனால் காத்திருக்க வேண்டாம். சுமையோடு, ஓடிய சூட்டோடு போங்கள். வழியில் சாயா குடிக்க நிறுத்தாதீர்கள்.