கல்லறைகள் வழியே கொங்கு வரலாறு: இரண்டு நாள் வழிகாட்டி நடையைப் பற்றிய மதிப்புரை

கொங்கு நாட்டின் கல்லறைத் தோட்டங்களையும் நடுகற்களையும் ஈமக்காடுகள் எனும் பழங்காலப் புதைகாடுகளையும் வரலாற்று ஆவணங்களாக வாசிக்கக் கற்றுத்தரும் இரண்டு நாள் நடை ஒன்றைக் கோவையைச் சேர்ந்த வரலாற்று ஆர்வலர்கள் சிலர், மழை ஓய்ந்த மாதங்களின் வார இறுதிகளில் நடத்தி வருகிறார்கள். முதல் நாள் காலையில் கோவை சுங்கம் கல்லறைத் தோட்டம், பிற்பகலில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணல். இரண்டாம் நாள் ஆனைமலைக் காட்டிலுள்ள டாப்சிலிப். இரண்டு நாளைக்கும் சேர்த்து வாங்கும் கட்டணம், இதே தொலைவுக்கு நாமே ஒரு வாடகைக் கார் பிடித்தால் ஆகும் செலவைவிடக் குறைவுதான். வரலாற்றில் ஓரளவேனும் ஈடுபாடு உள்ளவர்கள் தயங்காமல் போகலாம் என்பது என் கருத்து. ஆனால் நடையின் அமைப்பில் ஒரு பெரிய குறை இருக்கிறது. அதைச் சரிசெய்தால் இது இன்னும் பல மடங்கு சிறக்கும் என்பதால் இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

வழிகாட்டியாக வந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். தோட்டத்துக்குள் நுழையும் முன்பே அவர் சில நெறிகளைச் சொன்னார். உறவினர்கள் இன்றும் வந்து போகும் இடம் என்பதால் அண்மைக் காலக் கல்லறைகளைப் படம் எடுக்கக் கூடாது. அடக்கம் நடக்கும் நேரமாயின் வெளியே காத்திருக்க வேண்டும். மங்கிய எழுத்துகளைப் படிப்பதற்காகச் சாக்கட்டியோ மாவோ தேய்க்கக் கூடாது. கடைசியாகச் சொன்னது மிக முக்கியமானது. தேய்க்கத் தேய்க்கக் கல்லின் மேற்பரப்பு உதிர்ந்து, எஞ்சியிருக்கும் எழுத்தும் போய்விடும். அதற்குப் பதிலாக அவர் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டு வெயிலைப் பக்கவாட்டில் சாய்த்துக் கல்லின்மீது விழச் செய்தார். வெறும் கரும்பலகையாகத் தெரிந்த கல்லில் பெயரும் ஆண்டும் நிழலாக எழுந்து வந்தன. ஈய எழுத்துகள் பெயர்க்கப்பட்டு ஆணித் துளைகள் மட்டும் எஞ்சியிருந்த ஒரு கல்லை, துளைகளின் இடைவெளியைக் கணக்கிட்டே அவர் வாசித்துக் காட்டியது இந்த நடையின் சிறந்த தருணங்களில் ஒன்று.

கற்களில் உள்ளதை வாசிப்பதோடு அவர் நிற்பதில்லை. முறிந்த தூண் இளமையில் முடிந்த வாழ்வைக் குறிக்கும், நங்கூரம் நம்பிக்கையைக் குறிக்கும் என்பதை விளக்கிவிட்டு, இங்கே ஏன் இத்தனை இளம் தாய்மாரும் கைக்குழந்தைகளும் என்று கேட்டு நம்மைச் சற்று யோசிக்க விடுகிறார். பிறகு சிறுவாணித் தண்ணீர் வருவதற்கு முந்தைய கோவையையும், காலராவையும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊரைத் திரும்பத் திரும்பத் தாக்கிய பிளேக்கையும் பற்றிச் சொல்கிறார். ஊரில் ஆங்காங்கே நிற்கும் பிளேக் மாரியம்மன் கோயில்களும் இந்தக் கல்லறைகளும் ஒரே துயரத்தின் இரு பதிவுகள் என்று அவர் சொன்னபோது, அந்தக் கோயில்களை வெறுமனே கும்பிட்டுக் கடந்து போகும் எங்களில் பலரும் சற்று நேரம் பேசவில்லை. 1862-ல் போத்தனூருக்கு ரயில் வந்ததும், 1888-ல் ஆங்கிலேயத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸின் முயற்சியால் கோவையின் முதல் நூற்பாலை தொடங்கியதும் எப்படி ரயில்வே ஊழியர்களையும் ஆலைப் பொறியாளர்களையும் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களையும் இந்தப் பகுதிக்குக் கொண்டுவந்தன என்பதை, ஆண்டு வரிசைப்படி கல்லிலிருந்து கல்லுக்கு நடத்திச் சென்று காட்டினார்.

குறை இங்கேதான் தொடங்குகிறது. காலை நேரத்தின் பெரும்பகுதி ஆங்கிலக் கற்களுக்கே போய்விட்டது. அதற்குக் காரணமும் உண்டு. ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி தொகுத்து 1905-ல் வெளிவந்த சென்னை மாகாணக் கல்லறைக் கல்வெட்டுப் பட்டியல், இத்துறையில் இறங்கும் எவருக்கும் முதல் துணை. அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்களே. அச்சில் ஏறியதைப் பேசுவது எளிது. ஆனால் 1830-ல் லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ ஊழிய அமைப்பைச் சேர்ந்த ஆடிஸ் கோவைக்கு வந்த நாள்முதல் திருச்சபைகளில் சேர்ந்த தமிழ்க் குடும்பங்களின் கதை எந்தப் பட்டியலிலும் இல்லை. “கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்” என்று தொடங்கும் தமிழ்க் கற்களில் உபதேசியார், ஆசிரியை, கம்பவுண்டர் என்று தொழிலையும் பிறந்த ஊரையும் பொறித்திருக்கிறார்கள். எந்த ஊரிலிருந்து எந்தத் தலைமுறையில் கோவைக்கு வந்து என்ன வேலையில் அமர்ந்தார்கள் என்பதை அவற்றிலிருந்தே தொகுத்துவிடலாம். சுவரோரத்தில் பெயரில்லாத மண்மேடுகளும் உண்டு. இவற்றுக்கு நடையில் கிடைத்த நேரம் மிகச் சொற்பம். நான் கேட்டபோது வழிகாட்டி மனமார ஒப்புக்கொண்டு, இரண்டு தமிழ்க் கற்களை நின்று வாசித்துக் காட்டினார். அவற்றை அவர் வாசித்த விதத்திலேயே அவருக்கு அதிலும் ஆழ்ந்த அறிவு இருப்பது தெரிந்தது. ஆகவே குறை அவருடைய புலமையில் இல்லை, நடையைத் திட்டமிட்ட விதத்தில்தான் இருக்கிறது.

கொடுமணலுக்குப் போகும் வழியில் ஒரு புலிகுத்திக் கல்லின் முன் வேன் நின்றது. பட்டி ஆடுமாடுகளைக் காக்கப் புலியோடு பொருது இறந்த வீரனுக்கு எடுத்த கல் அது. வீரனின் ஈட்டி புலியின் வயிற்றில் பாய்ந்திருக்கிறது. எண்ணெய் பூசிக் கருத்துப்போன அந்தக் கல்லுக்கு இன்றும் பொங்கல் வைக்கிறார்கள். மேய்ச்சல் காடும் கால்நடையுமே செல்வமாக இருந்த கொங்கில் இத்தகைய கற்கள் ஊருக்கு ஊர் கிடைப்பதில் வியப்பில்லை. கணவனோடு உயிர்விட்ட பெண்களை வீரமாத்தியாக வழிபடும் கோயில்களைப் பற்றியும் அங்கேயே சொன்னார்கள். அந்தப் பெண்களின் மரணத்தைப் பெருமையாக மட்டும் சொல்லாமல், அதற்குப் பின்னிருந்த கட்டாயத்தையும் எடுத்துச் சொன்னதற்காக வழிகாட்டியைப் பாராட்ட வேண்டும்.

கொடுமணல், ஈரோடு மாவட்டத்தில் சென்னிமலைக்கு மேற்கே நொய்யலின் வடகரையில் இருக்கிறது. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று பாடும் ஊர் இதுவே என்பது அறிஞர் கருத்து. 1985 முதல் பேராசிரியர் கா. ராஜன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் நடத்திய அகழாய்வுகளும், பின்னர் தமிழக அரசுத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வுகளும், இது மணிகள் செய்வதிலும் இரும்பு உருக்குவதிலும் சிறந்து விளங்கிய தொழிலூர் என்பதை உறுதிப்படுத்தின. மேற்குக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்குச் சென்ற பெருவழியில் இருந்ததால் வணிகமும் செழித்தது. ஊரை ஒட்டியே பரந்து கிடக்கிறது ஈமக்காடு: பெருங்கற்களால் சூழப்பட்ட கல்வட்டங்கள், நடுவே பலகைக் கற்களை நிறுத்திக் கட்டிய கற்பதுக்கைகள், ஒரு பலகையில் குடைந்த வட்டமான இடுதுளை, சிலவற்றின் அருகே ஓங்கி நிற்கும் நெடுங்கல்.

இங்கே எங்களோடு பேசிய தோட்டக்காரப் பெரியவர் ஒருவரின் பேச்சு வழிகாட்டியின் விளக்கத்துக்கு நிகரான மதிப்புடையது. “எங்கப்பாரு காலத்துல இந்தக் காட்டுல கால் வெக்கற எடமெல்லாம் கல்லுக்கட்டுத்தானுங்க. ஏரு ஓட்டோணும்னு கொஞ்சங் கொஞ்சமா எடுத்து வரப்புல போட்டுட்டாங்க” என்றார். உண்மையிலேயே வரப்பில் கிடந்த பலகைக் கற்களை அவரே கூட்டிப்போய்க் காட்டினார். அவரை நடையின் நிரந்தரப் பங்காளியாகவே சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த ஈமச்சின்னங்களில் சிலவற்றில் சூதுபவளம் எனும் செந்நிறக் கல்லால் ஆன மணிகள் ஏராளமாகக் கிடைத்தன. அந்தக் கல்லின் மூலப்பொருள் குஜராத்துப் பக்கமிருந்து வந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சூதுபவளம் பதித்த வெண்கலப் புலி உருவமும், இரும்பு வாள்களும் கிடைத்திருக்கின்றன. வேறு சிலவற்றில் மட்கலங்களைத் தவிர அதிகம் இல்லை. மணியைப் பட்டை தீட்டித் துளையிட்டவனுக்கும் அதை அணிந்து புதைக்கப்பட்டவனுக்கும் இடையே இருந்த தூரம், இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் மண்ணுக்குள் அப்படியே இருக்கிறது. யாருடைய வாழ்வு பதிவாகிறது, யாருடையது விடுபடுகிறது என்று காலையில் சுங்கத்தில் எனக்கு எழுந்த கேள்விக்கு மிக ஆழமான பதில் இங்கேதான் கிடைக்கக்கூடும். ஆனால் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சியைத் தாண்டியிருந்தது. நிழலில்லாத வெட்டவெளியில் முதியவர்கள் தளர்ந்து போனார்கள். பேச வேண்டியதில் பாதியைப் பேசாமலே திரும்பினோம். கொடுமணலைக் காலையில் முதலாவதாகவும் சுங்கத்தை மாலையிலும் வைத்துக்கொள்வதே முறை. சாயும் வெயிலில் கல்லெழுத்துகளும் தாமாகவே தெளிந்து தெரியும்.

வேன் சுத்தமாக இருந்தது. மதியத்துக்குக் கொடுத்த அரிசிப் பருப்புச் சாதமும் நெய்யும் நிறைவாக இருந்தன. கழிப்பிட வசதிதான் போதாது. பெண்கள் இதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

இரண்டாம் நாள் சேத்துமடைச் சோதனைச் சாவடி வழியாக டாப்சிலிப். ஹ்யூகோ வுட் என்ற வன அதிகாரியின் கல்லறை அங்கே, அவர் வளர்த்த தேக்குகளின் நடுவிலேயே இருக்கிறது. கப்பலுக்கும் ரயில் தண்டவாளக் கட்டைக்கும் வெட்டி மொட்டையாக்கப்பட்ட ஆனைமலைக் காட்டில், வெட்டிய மரம் அடியிலிருந்து மீண்டும் தழைக்க விடும் முறையைக் கொண்டுவந்தவர் அவர். சட்டைப்பை நிறையத் தேக்கு விதைகளை வைத்துக்கொண்டு, கைத்தடியால் குழி குத்தி விதைத்தபடியே நடப்பார் என்று இன்றும் சொல்கிறார்கள். 1933-ல் குன்னூரில் இறந்தவரை அவருடைய விருப்பப்படி இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். என் நினைவுச் சின்னத்தைத் தேடுகிறாயானால் சுற்றிலும் பார் என்னும் பொருளுடைய லத்தீன் வாசகம் கல்லில் இருக்கிறது. லண்டன் புனித பவுல் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென்னின் கல்லறையில் உள்ள வாசகம்தான் அது. ஆனால் வானளாவிய தேக்குகளுக்கு நடுவே நின்று படிக்கும்போது இந்த இடத்துக்கென்றே எழுதியது போல இருக்கிறது. வழிகாட்டி இங்கே பேச்சைக் குறைத்து எங்களைத் தனியே நடக்க விட்டது சரியான முடிவு.

வுட்டைப் பற்றி இவ்வளவு சொன்னவர்கள், ஆனைமலையின் பழங்குடிகளான காடர்களையும் மலசர்களையும் பற்றி ஓரிரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டது எனக்கு ஏமாற்றமே. காட்டுத் தடங்களை அறிந்தவர்களும், மரம் இழுத்த யானைகளைப் பழக்கியவர்களும் அவர்கள். அவர்கள் தங்கள் முன்னோரை எங்கே, எப்படி நினைவுகூர்கிறார்கள் என்பதை அவர்களில் ஒருவரே வந்து, அவர்கள் விரும்பும் அளவுக்குச் சொல்ல, அதற்கு உரிய ஊதியத்தையும் நடத்துவோர் கொடுத்தால் இரண்டாம் நாள் முழுமை பெறும்.

அடுத்த ஆண்டு ஊட்டி புனித ஸ்டீபன் ஆலயத்தையும் சேர்க்கும் எண்ணம் இருப்பதாகச் சொன்னார்கள். நீலகிரி 1868 வரை கோவை மாவட்டத்தோடு இருந்ததால் இது பொருத்தமானதே. கோவை ஆட்சியராக இருந்து ஊட்டியை உருவாக்கிய ஜான் சல்லிவனின் மனைவியும் மகளும் அந்த ஆலயத் தோட்டத்தில் அடங்கியிருக்க, சல்லிவன் மட்டும் 1855-ல் இறந்து இங்கிலாந்தில் அடக்கமானார். ஆனால் ஊட்டியைச் சேர்ப்பதற்காகக் கொடுமணலின் நேரத்தைக் குறைத்துவிடக் கூடாது; மூன்றாம் நாளாகத் தனியே வைக்கட்டும்.

போக விரும்புவோர் நவம்பர் 2, கல்லறைத் திருநாளை ஒட்டிய நாட்களைத் தவிர்த்து, டிசம்பர் அல்லது ஜனவரியில் பதிவு செய்யுங்கள். தொப்பியும் தண்ணீரும் கெட்டியான செருப்பும் அவசியம். வனத்துறையின் அனுமதி விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால் டாப்சிலிப் பயணம் உறுதியானதா என்று முன்பணம் கட்டும்போதே கேளுங்கள். பதிவு செய்யும்போதே தமிழ்க் கற்களையும் வாசிக்க வேண்டும் என்று சொல்லிவைத்தால், வழிகாட்டி அதற்கேற்ப ஆயத்தமாகி வருவார்.