கடற்கரை வீட்டுக்கு அட்வான்ஸ் அனுப்பும் முன்: தாத்தா, ஆயாவோடு டிசம்பரில் டர்பன் பக்கம் கிளம்புகிறவர்களுக்கு எச்சரிக்கை

ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலிருந்து டிசம்பர் 20ஆம் தேதி விடியற்காலை மூன்று மணிக்கு இரண்டு வண்டிகளில் பதினொரு பேர் கிளம்பினார்கள். சாயங்காலம் டர்பனுக்குத் தெற்கே கடற்கரை ஊரான உவோங்கோவில் ஒரு வீட்டு வாசலில் போய் நின்றார்கள். வீடு இருந்தது. போட்டோவில் பார்த்த அதே வெள்ளைச் சுவர், அதே நீலக் கேட். ஆனால் நம்பர் போட்டுத் திறக்கும் சாவிப் பெட்டி கேட் அருகில் இல்லை. உள்ளே வேறொரு குடும்பம் பிராய் போட்டு இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் மூன்று மாதம் முன்பே நேரடியாக வீட்டுக்காரரிடம் புக் செய்தவர்கள். தாத்தா கையில் இருந்த பில்லில் போட்டிருந்த பெயரை அந்த வீட்டுக்காரர் கேள்விப்பட்டதே இல்லை.

போனது 13,340 ராண்ட். மூன்று தடவையாக, தாத்தாவின் பென்ஷன் கணக்கிலிருந்து. பேரப்பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று வருஷம் முழுக்கச் சேர்த்த பணம்.

வழியிலும் ஏமாற்று வேலைகள் நடக்கும். இந்த வீட்டு மோசடியோ நாம் பெட்டி கட்டும் முன்பே முடிந்துவிடுகிறது. விடுமுறைப் பணம் மொத்தத்தையும் கொண்டுபோகிறது. அதனால் இதைத்தான் முதலில் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அக்டோபர், நவம்பரில் ஃபேஸ்புக் குழுக்களில் விளம்பரம் வரும். கடலுக்கு நடந்து போகும் தூரம், நாலு ரூம், நீச்சல் குளம், இரவுக்கு 1,800 ராண்ட். அதே தெருவில் மற்ற வீடுகள் டிசம்பரில் அதைப்போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கேட்கும். கேள்வி கேட்டவுடன் பேச்சு வாட்ஸ்அப்புக்கு மாறும். “நான் இப்போது வெளிநாட்டில் வேலையில் இருக்கிறேன், கேர்டேக்கர் சாவி தருவார்” என்பான் விளம்பரம் போட்டவன். “இன்னொரு குடும்பமும் கேட்கிறது, உங்களுக்காக இன்று ராத்திரி வரை பிடித்து வைக்கிறேன் அங்கிள்” என்பான். வயதானவர் பேசுகிறார் என்று தெரிந்தால் குரலே மாறிவிடும்: எத்தனை பேரப்பிள்ளைகள், ஆயாவுக்குப் படி ஏற முடியுமா, கீழ்த்தள ரூம் ஒதுக்கித் தரட்டுமா என்று அக்கறையாகக் கேட்பான். தாத்தா நம்பியது விலையை அல்ல, அந்தக் கேள்வியைத்தான்.

ஏழு இரவுக்கு 12,600 ராண்ட் என்று பில் வந்தது. பாதி, 6,300, அட்வான்ஸ். இரண்டு நாளில் உடைப்பு டெபாசிட் 2,000. அடுத்த வாரம், “மீதியை இன்றே கட்டினால் மொத்தத்தில் பத்து சதவீதம் தள்ளுபடி”. 1,260 கழித்து 5,040. இந்த மூன்றாவது கேட்பு எல்லா இடத்திலும் வரும். இரண்டு தடவை கட்டியவர் மூன்றாவது தடவையும் கட்டுவார் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இதைப் பிடித்திருக்கக்கூடிய இடங்கள் பல. முதலாவது போட்டோ. விளம்பரப் படத்தைப் போனில் சேமித்து கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். அதே வீடு வேறொரு தளத்தில் வேறொரு பெயரில், வேறொரு போன் நம்பரில் வந்தால், அந்த இன்னொரு நம்பருக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள். உவோங்கோ வீட்டுக்கு இந்த ஒரு வேலை போதுமாயிருந்தது. படங்கள் அத்தனையும் உண்மையான வீட்டுக்காரரின் சொந்த விளம்பரத்திலிருந்து எடுத்தவை.

வேறு நாட்டு வீட்டின் படத்தைப் போடுகிறவர்களும் உண்டு. சமையலறைச் சுவரைப் பெரிதாக்கிப் பாருங்கள். நம் வீடுகளில் பெரிய மூன்று வட்டத் துளை கொண்ட பிளக் பாயின்ட் இருக்கும். புதிய வீடுகளில் சிறிய மூன்று துளை பாயின்டும் சேர்ந்திருக்கும். தட்டையான துளைகள் தெரிந்தால் அந்தச் சமையலறை இந்த நாட்டில் இல்லை. இன்னொன்று, நம் குவாசூலு-நடால் கரைக்குக் கடல் கிழக்கே இருக்கிறது. சூரியன் கடலில் இறங்குகிற மாதிரி பால்கனிப் படம் போட்டு “மார்கேட்டில் மாலை நேரம்” என்று எழுதியிருந்தால், அந்தப் பால்கனி மார்கேட்டில் இல்லை.

அடுத்தது வீடியோ கால். எடுத்து அனுப்பிய வீடியோ வேண்டாம். நேரலையில் பேச வேண்டும். கேட்டில் உள்ள நம்பரைக் காட்டச் சொல்லுங்கள், பிறகு தெருவை, பிறகு உள்ளே போய்க் குழாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருப்பதாகச் சொன்னால் கேர்டேக்கர் காட்டட்டும். கேர்டேக்கர் லீவு, சிக்னல் இல்லை, நாளைக்கு என்று தள்ளிப்போட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஃபிளாட் என்றால் அந்தக் கட்டடத்தை நிர்வகிக்கும் உரிமையாளர் சங்கமான பாடி கார்ப்பரேட்டின் அலுவலகத்துக்கோ வாசல் செக்யூரிட்டிக்கோ கூப்பிட்டு, அந்த நம்பர் ஃபிளாட் விடுமுறைக்கு வாடகைக்கு விடப்படுகிறதா என்று கேட்கலாம். அந்தப் போன் நம்பரை நீங்களே தேடி எடுங்கள். அவன் கொடுக்கும் செக்யூரிட்டி நம்பரில் அவனுடைய ஆளே பேசுவான்.

“நான் ஏஜென்ட்” என்று சொன்னால் சோதிப்பது இன்னும் சுலபம். பிறர் வீட்டை வாடகைக்கு விடுகிற தொழில் செய்பவர் ப்ராப்பர்ட்டி பிராக்டிஷனர்ஸ் ரெகுலேட்டரி அதாரிட்டியின் ஃபிடலிட்டி ஃபண்ட் சர்டிஃபிகேட், அதாவது தொழில் செய்வதற்கான சான்றிதழ், வைத்திருக்க வேண்டும். 2022 பிப்ரவரி முதல் நடப்பில் இருக்கும் சட்டம் இது. சர்டிஃபிகேட் நம்பரைக் கேட்டு வாங்கி, அது செல்லுபடியாகிறதா என்று அந்த அதாரிட்டியிடமே சரிபாருங்கள்.

வீடு தன்னுடையது என்று காட்ட அவன் முனிசிபல் பில் அனுப்பியிருந்தான். அதைப் பெரிதாக்கினால், விலாசம் இருக்கும் மூன்று வரிகளின் எழுத்து மட்டும் மற்ற எழுத்தைவிடக் கொஞ்சம் கறுப்பாக இருக்கும். பெயருக்குக் கீழே பழைய எழுத்தை அழித்த இடம் காகிதத்தின் நிறத்தோடு ஒட்டாமல் வெள்ளைப் பட்டையாகத் தெரியும். போனின் சின்னத் திரையில் கண் மங்கியவருக்கு இது தெரியாது. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் ஒரு தடவை லேப்டாப்பில் திறந்து பார்க்க வேண்டிய வேலை இது. ஐடி காப்பியை நம்பவே வேண்டாம். முன்பு ஏமாந்த இன்னொருவர் அனுப்பிய ஐடியாகவே அது இருக்கலாம்.

இப்போது பணம். இஎஃப்டி, அதாவது வங்கிக் கணக்கிலிருந்து கணக்குக்கு நேராகப் பணம், அனுப்பும்போது பெறுபவர் பெயர் என்று நாம் டைப் செய்வதை வங்கி ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. கணக்கு எண் மட்டும்தான் கணக்கு. “கடற்கரை வில்லா” என்று நீங்கள் எழுதினாலும் பணம் யாரோ ஒரு பையன் போன வாரம் திறந்த கணக்கில் போய் விழும். வங்கிகளில் அக்கவுன்ட் வெரிஃபிகேஷன் என்று ஒரு வசதி உண்டு: கணக்கு எண்ணோடு ஐடி எண்ணையோ கம்பெனிப் பதிவு எண்ணையோ போட்டால், இரண்டும் ஒருவருடையதுதானா என்று பதில் வரும். உங்கள் வங்கியின் ஆப்பில் அது எங்கே இருக்கிறது என்று முதலிலேயே தேடி வையுங்கள். கணக்குக்காரர் பெயரும் வீட்டுக்காரர் பெயரும் வேறு வேறு என்றால், “அது என் மச்சான் கணக்கு” என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள். ஏடிஎம்மில் பின் நம்பர் போட்டு யார் வேண்டுமானாலும் எடுக்கிற வாலட் வழியாக அனுப்பச் சொன்னால், அது கண்டிப்பாக மோசடி.

கிரெடிட் கார்டில், புக்கிங் தளத்தின் உள்ளேயே கட்டினால் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை வங்கி மூலம் திரும்ப, கேட்க வழியிருக்கிறது. “தளத்துக்குக் கமிஷன் போகிறது, வெளியே நேரடியாகக் கட்டினால் குறைத்துத் தருகிறேன்” என்பவன் அந்தப் பாதுகாப்பைத்தான் உங்களிடமிருந்து எடுத்துவிடுகிறான்.

ஆன்லைனில் வாங்கியதை ஏழு நாளுக்குள் ரத்து செய்யலாமே என்று பலர் நினைக்கிறார்கள். 2002ஆம் ஆண்டின் எலெக்ட்ரானிக் கம்யூனிகேஷன்ஸ் அண்ட் டிரான்ஸாக்‌ஷன்ஸ் சட்டத்தில் அந்த உரிமை இருக்கிறது. ஆனால் குறிப்பிட்ட தேதிக்குப் பதிவு செய்த தங்குமிடம், பயணம், சாப்பாட்டு ஏற்பாடு ஆகியவற்றுக்கு அது பொருந்தாது. உண்மையான புக்கிங்குக்கு உதவுவது 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அதன் 17ஆம் பிரிவின்படி முன்பதிவை ரத்து செய்யலாம். நியாயமான கட்டணத்தைத்தான் பிடிக்க முடியும். யார் பெயருக்குப் பதிவு செய்தோமோ அவர் இறந்துவிட்டாலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாலோ ரத்துக் கட்டணமே வாங்கக் கூடாது. வயதானவர்களோடு போகும் குடும்பம் இதை நினைவில் வைக்க வேண்டும்: புக்கிங்கில் தாத்தா, ஆயா பெயரும் இருக்கட்டும். மகன் பெயரில் மட்டும் போட்டுவிட்டு, ஆயா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று பிறகு வாதாடுவது கஷ்டம். ஒரே வீட்டை இரண்டு பேருக்கு விற்றிருந்தால் 47ஆம் பிரிவு இருக்கிறது. வட்டியோடு பணத்தையும், அதனால் ஏற்பட்ட செலவையும் கேட்கலாம்.

வழியைப் பற்றிச் சுருக்கமாக. காம்பி வேன் வாடகைக்கு எடுத்தால் சாவி வாங்கும் இடத்திலேயே வண்டியைச் சுற்றி வீடியோ எடுங்கள்: கண்ணாடி, நாலு டயர், கூரை, பெட்ரோல் முள், ஓடிய கிலோமீட்டர். ஸ்டெப்னி, ஜாக், ஸ்பேனர், முக்கோணம் நான்கையும் கையால் தொட்டுப் பாருங்கள். டயர் பள்ளம் சட்டப்படி ஒரு மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். ஆனால் அந்த அளவு டயரோடு பதினொரு பேரை ஏற்றிக்கொண்டு வான் ரீனன்ஸ் கணவாயில் மழையில் இறங்கக் கூடாது. வண்டிச் சேதத்துக்கு நாம் கட்ட வேண்டியதைக் குறைக்கும் சாதாரண வேவரில் டயரும் கண்ணாடியும் சேராமல் இருப்பது உண்டு. அந்த வரியை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 2015 முதல் கார் சீட் கட்டாயம். வாடகைக்காரர் தருவதாகச் சொன்ன சீட் டிசம்பரில் தீர்ந்துபோவது வழக்கம், உங்களுடையதையே எடுத்துச் செல்லுங்கள்.

டர்பனுக்குப் போகும் என்3 நெடுஞ்சாலையில் ஹைடல்பெர்க்கிலிருந்து சிடாரா வரை வண்டி நின்றால் முதலில் அந்தச் சாலையின் உதவி எண் 0800 63 43 57க்குக் கூப்பிடுங்கள். கூப்பிடாமலே வந்து நிற்கும் டோ டிரக்கிடம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தக் காகிதம் இழுத்துச் செல்ல மட்டுமல்ல, அவர்கள் யார்டில் வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை போடவும் அனுமதி கொடுக்கிறது. உங்கள் இன்ஷூரன்ஸ் அனுப்பும் டிரக் வரும் வரை காத்திருங்கள். ஆனால் எல்லாரும் வண்டியை விட்டு இறங்கித் தடுப்புக்கு அப்பால் நிற்க வேண்டும்.

பெட்ரோல் நிலையத்தில் ரிமோட்டை அழுத்தியபின் கதவுப் பிடியை இழுத்துப் பாருங்கள். சிக்னலை மறைக்கும் கருவி வைத்திருப்பவன் பக்கத்து வண்டியிலேயே உட்கார்ந்திருப்பான். தாத்தா ஏடிஎம்முக்குத் தனியாகப் போக வேண்டாம். கார்டு சிக்கினால் “உதவுகிறேன்” என்று வருகிறவரோடு பேசாமல் அங்கேயே நின்று வங்கிக்குக் கூப்பிடட்டும். டிராஃபிக் அதிகாரி வழியில் ரொக்கமாக அபராதம் கேட்டால் அபராத நோட்டீஸை எழுதித் தரச் சொல்லுங்கள், நியமன அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். அடையாளம் இல்லாத வண்டி நீல விளக்கோடு நிறுத்தச் சொன்னால் வேகத்தைக் குறைத்து, ஹசார்ட் விளக்கு போட்டு, பின்னால் வரும்படி கைகாட்டி, அருகிலிருக்கும் போலீஸ் நிலையம் வரை மெதுவாகப் போகலாம்.

ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்த நிமிஷம் முதல் மணிக்கணக்குதான். கார்டின் பின்புறம் உள்ள நம்பரில் வங்கியைக் கூப்பிட்டு மோசடிப் பிரிவைக் கேளுங்கள், ராத்திரியானாலும் எடுப்பார்கள். பணம் அந்தக் கணக்கில் இன்னும் இருந்தால் நிறுத்திவைக்க முடியும். வெள்ளிக்கிழமை மாலை வேறு வங்கிக்குச் சாதாரண இஎஃப்டியாக அனுப்பியது பெரும்பாலும் திங்கள்தான் சேரும் என்பதால் அந்த இடைவெளியில் தப்பியவை உண்டு. “இம்மீடியட் பேமென்ட் போடுங்கள்” என்று அவன் வற்புறுத்துவது அதனால்தான். அடுத்து எந்தப் போலீஸ் நிலையத்திலும், அது உவோங்கோவானாலும் லெனேசியாவானாலும், வழக்குப் பதிந்து கேஸ் நம்பர் வாங்குங்கள். அது இல்லாமல் வங்கி விசாரணை நகராது. வங்கியின் பதில் சரியில்லை என்றால் 2024 மார்ச்சில் தொடங்கிய வங்கிகள் மேல் புகாரை விசாரிக்கும் நேஷனல் ஃபைனான்ஷியல் ஆம்புட் ஸ்கீமுக்கு எழுதலாம், கட்டணம் கிடையாது. ஐடி காப்பி அனுப்பியிருந்தால் சதர்ன் ஆஃப்ரிகன் ஃபிராட் பிரிவென்ஷன் சர்வீஸில் உங்கள் ஐடியை வேறொருவர் பயன்படுத்தாமலிருக்கப் பாதுகாப்புப் பதிவு போடுங்கள், அதுவும் இலவசம். கொஞ்ச நாளில் “உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள்” என்று இன்னொருவன் கூப்பிடுவான். அதே கூட்டம்தான்.

உவோங்கோ வாசலில் தாத்தா ஒன்றரை மணி நேரம் அந்த நம்பருக்கே திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மூன்று தடவை பணம் அனுப்பியதைப் பிள்ளைகளிடம் அவர் சொல்லியிருக்கவில்லை. அட்வான்ஸ் மட்டும்தான் போனது என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். அதற்குள் வாட்ஸ்அப்பில் கடைசியாக அனுப்பிய செய்திகளை அவன் அழித்துவிட்டான். பணம் அனுப்பியவரை அந்த நேரத்தில் யாரும் ஏசாதீர்கள். அவர் போனை மெதுவாக வாங்கி, செய்திகள் ஒவ்வொன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்: அவன் நம்பர், தேதி, கணக்கு எண், பில், மூன்று பேமென்ட் ரசீதுகள். பிறகு பிள்ளைகளுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, ஆயா மருந்து போடும் நேரம் ஆகிவிட்டதா என்று பாருங்கள்.