பத்து மீட்டர் ஏர் பிஸ்டல்: கொங்கு வெயிலுக்கு எந்த உந்துவிசை?

பிள்ளைக்கு ஏர் பிஸ்டல் வாங்க யோசிக்கிறவர்கள் பெரும்பாலும் கம்பெனிப் பெயரில் தொடங்குகிறார்கள். ஸ்டெயரா, மொரினியா, வால்தரா என்று. நான் கேட்பது வேறு: குண்டை எது தள்ளப் போகிறது, அதை எங்கே நிரப்பப் போகிறீர்கள்? தோட்டாவுக்கு வெடிமருந்தைக் கையால் நிரப்பிக்கொள்ளும் நாடுகளில் எந்த மருந்து என்பதைத்தான் மணிக்கணக்காகப் பேசுவார்கள். நம் 4.5 மி.மீ. ஈயக்குண்டுக்கு அந்த மருந்தின் இடத்தில் காற்றோ வாயுவோ இருக்கிறது. ஸ்பிரிங், கார்பன் டை ஆக்சைடு, நெம்புகோலின் ஒரே இழுப்பில் காற்றடைப்பது, முன்பே நிரப்பிய உயர் அழுத்தக் காற்று (பிசிபி) என நான்கு வழி உண்டு.

ஸ்பிரிங்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே உள்ளே பிஸ்டன் ஓடி மோதுகிறது, கை உதறுகிறது. குண்டு விலகியது பிள்ளையின் பிழையா, துப்பாக்கியின் உதறலா என்று பயிற்சியாளராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இதில் பழகினால் கை உறுதிப்படும் என்பார்கள், நான் ஏற்கவில்லை. பைன்வெர்க்பாவ் 65 போல உதறலை அடக்கிய பழைய போட்டித் துப்பாக்கிகள் மட்டும் விதிவிலக்கு. ஸ்பிரிங் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: காற்றறைக்குள் தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ விடாதீர்கள். அழுத்தச் சூட்டில் அது பற்றி எரிந்து, காற்று கசியாமல் அடைக்கும் சீலைக் கெடுக்கும்.

கார்பன் டை ஆக்சைடு பிஸ்டல் எடுத்துச் சுட இதமானது. உதறல் இல்லை, பழையதாக வாங்கினால் விலையும் குறைவு. வாயுவுக்கும் நம் பக்கம் பஞ்சமில்லை, கோவை பவுண்டரிகளில் மணல் அச்சை இறுக்க விடுவது இதே வாயுதான். சிக்கல் வெயிலில் இருக்கிறது. சிலிண்டருக்குள் திரவமும் வாயுவும் சேர்ந்திருக்கும்போது அழுத்தத்தை முடிவு செய்வது வெப்பம்தான்: 20 டிகிரியில் சுமார் 57 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு), 30 டிகிரியில் சுமார் 72 பார். 31 டிகிரியைத் தாண்டினால் உள்ளே திரவமே கிடையாது. அப்புறம் எவ்வளவு நிரப்பினோமோ அதைப் பொறுத்து அழுத்தம் எகிறும், ஒவ்வொரு குண்டாகச் சுடும்போது இறங்கிக்கொண்டே வரும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வரும் ஆடி மாதக் காலையில் கோவையில் ஒழுங்காகச் சுடும் பிஸ்டல், சித்திரையில் ஈரோட்டிலும் கரூரிலும் வேறு வேகத்தில் சுடும்.

அந்த வேக வித்தியாசம் இலக்கு அட்டையில் எவ்வளவு தெரியும்? விநாடிக்கு 150 மீட்டரில் போகும் குண்டு பத்து மீட்டருக்குள் ஏறக்குறைய 22 மி.மீ. தாழும், 140 மீட்டரில் போனால் 25. ஆக 3 மி.மீ. பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. என்பதால் நடுவில் பட்ட குண்டு தப்பிக்கும். ஓரத்தில் பட வேண்டியது ஒன்பதாகிவிடும். இறுதிச்சுற்றில் தசமப் புள்ளி கணக்கிடும்போது இது இன்னும் உறுத்தும். வெயிலில் நிற்கும் காரில் நிரப்பிய சிலிண்டரை விட்டுப் போவதோ புள்ளியோடு நிற்காது, உயிருக்கே ஆபத்து.

பிசிபியில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. 200 பார் வரை நிரப்பிய காற்றை ரெகுலேட்டர் ஒரே சீரான அழுத்தத்துக்கு இறக்கித் தருகிறது. ஒரு நிரப்பலில் 100 குண்டுக்கு மேல் போகும். 60 குண்டு, 75 நிமிடப் போட்டியை நடுவில் நிரப்பாமல் முடிக்கலாம். பெரிய போட்டிகளில் எல்லார் கையிலும் இதுவே இருப்பதில் வியப்பில்லை.

ஆனால் 200 பார் எங்கே கிடைக்கும்? "நம்மூர்ல தெருவுக்குத் தெரு கம்ப்ரசர் இருக்குதுங்களே" என்பார்கள். பஞ்சர் கடையிலும் லேத் பட்டறையிலும் இருப்பது 10 பார் சுற்றிய கம்ப்ரசர், அது எட்டாது. வெல்டிங் பட்டறை ஆக்சிஜன் சிலிண்டரில் அழுத்தம் இருக்கிறதே என்று அந்தப் பக்கம் போகவே கூடாது. உயர் அழுத்த ஆக்சிஜன் சீலில் உள்ள கிரீஸைத் தொட்டால் வெடிக்கும், கையும் முகமும் போய்விடும். புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங் கடைகள் உண்டு. கடலில்லாத நமக்கு உயர் அழுத்தக் கம்ப்ரசர் வைத்திருக்கும் கிளப்தான் வழி. கைப்பம்பு அடிக்கலாம், ஆனால் பெரியவர் உடல் பாரம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் உள்ளே போகாமலும் பார்க்க வேண்டும்.

அதனால் தாராபுரம், காங்கேயம் பக்கத்துத் தோட்டத்து வீட்டிலிருந்து பழகும் பிள்ளைக்கு நான் சொல்வது ஒரே இழுப்பு பிஸ்டல். ரஷ்ய ஐஜ் 46எம் நல்ல உதாரணம். ஒவ்வொரு குண்டுக்கும் நெம்புகோலை ஒருமுறை இழுத்து மூடினால் ஒரே அளவு காற்று. சிலிண்டர் இல்லை, நிரப்பும் அலைச்சல் இல்லை, உதறலும் இல்லை. வெயிலும் இதைப் பெரிதாகக் கெடுப்பதில்லை. குறை, உழைப்பு. நாற்பது குண்டுக்கு மேல் 12 வயதுக் கை தளரும். ஒவ்வொரு முறையும் பிடியை விட்டு மறுபடி பிடிக்க வேண்டும். அப்பாவோ மாமாவோ பக்கத்தில் நின்று இழுத்துக் கொடுத்தால் போதும், அதில் வெட்கமில்லை. காற்றை அடைத்தபடி நெடுநேரம் வைக்காதீர்கள், சீல் தேயும்.

நிரப்பும் வசதியுள்ள கிளப்புக்கு வாரம் இருமுறை போக முடிகிறவர்கள் தயங்காமல் பிசிபி வாங்கலாம். பழையது வாங்கினால் துப்பாக்கியைப் பார்ப்பதற்கு முன் சிலிண்டரில் பொறித்த தேதியைப் பாருங்கள். காலாவதியான சிலிண்டரைப் போட்டிக்குக் கொண்டுபோகக் கூடாது, அதற்கு சுடுகிறவரே பொறுப்பு என்பது சர்வதேச விதி. புதுச் சிலிண்டரின் விலையையும் கூட்டிப் பார்த்துவிட்டு பேரம் பேசுங்கள்.